தொட்டில் ஏறாத கணக்கு

அன்னக்கொடிக்கு எத்தனை பிள்ளைகள் என்று 1979ஆம் வருஷம் சித்திரை மாதத்தில் இரண்டு தடவை கேட்டார்கள். முதல் தடவை கேட்டபோது "ஒன்னு" என்றாள். பத்து நாள் கழித்துக் கேட்டபோதும் "ஒன்னு" என்றாள். இரண்டு தடவையும் கேட்டு எழுதியவள் திருமங்கலத்து ரெங்கம்மாள். இரண்டு தாள்களையும் அருகருகே வைத்துப் பார்த்த, பயிற்சி கொடுக்கிற சின்னச்சாமி சார், "இப்படித்தான் இருக்கணும்" என்று சிவப்பு மையால் டிக் போட்டார்.

அது மதுரையில் ஓர் ஆராய்ச்சி நிலையத்தின் மாடிக்கூடம். மேற்கே எழுமலை, உசிலம்பட்டிப் பக்கம் இருபத்து நான்கு ஊர்களில், பிறந்து ஒரு வயது முடியுமுன் எத்தனை குழந்தைகள் சாகின்றன என்று அளக்கப் போகிறார்கள். அதற்குப் பன்னிரண்டு பெண்களை எடுத்திருந்தார்கள். ஊருக்குப் போகுமுன் ஒருவரையொருவர் கேட்டு எழுதிப் பழகினார்கள். ஆளுக்கு இரண்டு ஊர். சாவு அதிகமாக உள்ள ஆறு ஊர்களுக்கு ஊருக்கொரு நர்ஸ் வருவாள். அங்கேயே தங்கிப் பிரசவம் பார்ப்பாள், கர்ப்பிணிகளுக்கு ரணஜன்னி என்கிற டெட்டனஸ் வராமலிருக்க ஊசி போடுவாள். மற்ற பதினெட்டு ஊர்களுக்கு ஒன்றும் கிடையாது. ஊசிமருந்தும் ஆளும் அவ்வளவுதான் இருந்தன.

அன்னக்கொடி சுனைக்கரட்டில் பிறந்தவள். எழுமலைக்கு மேற்கே கரடு ஓரத்தில் இருக்கிற ஊர். அங்கிருந்து எழுமலைக்கு நடந்தே போய் எஸ்.எஸ்.எல்.சி. முடித்த முதல் பெண் அவள்தான். அவனியாபுரத்தில் வாழ்க்கைப்பட்டு, புருஷன் வீரணன் கப்பலூரில் லேத் பட்டறைக்குப் போக, அவள் முதியோர் கல்வி வகுப்பில் பெண்களுக்கு எழுத்துச் சொல்லிக் கொடுத்தாள். முப்பத்தோரு வயது. மகன் பெயர் பிச்சை, எட்டு வயது. அந்தப் பக்கத்தில் ஒரு பையனுக்குப் பிச்சை, குப்பை, மொக்கை என்று பெயர் இருந்தால், அவனுக்கு முன்னால் பிறந்தது தங்கவில்லை என்று அர்த்தம். எமனுக்குப் பிடிக்காத பெயராக வைப்பார்கள். கூடத்தில் இருந்த பன்னிரண்டு பெண்களுக்கும் அது தெரியும். ரெங்கம்மாளுக்கும் தெரியும். ஆனால் படிவத்தில் ஏழாவது கேள்வி, "தங்களுக்குப் பிறந்த குழந்தைகள் எத்தனை?" எட்டாவது கேள்வி, "அவற்றில் இறந்தவை எத்தனை?" கேட்டதற்குப் பதில் வந்தது. ஒன்று. இல்லை.

சின்னச்சாமி சார் நல்ல வாத்தியார். தராசு ஒன்றைக் கொண்டுவந்து மேசையில் வைத்து, ஒரே கல்லைப் பத்துத் தடவை நிறுத்துக் காட்டினார்.

"பத்து தரம் நிறுத்தாலும் ஒரே எடை காட்டினாத்தான் தராசை நம்பலாம். அதே மாதிரிதான் உங்க கேள்வியும். அச்சுல இருக்கிறதை அப்படியே கேக்கணும். ஒரு சொல்லைக் கூட்டக் கூடாது, குறைக்கக் கூடாது. யார் போய்க் கேட்டாலும், எத்தனை தரம் கேட்டாலும் ஒரே பதில் வரணும். இதுக்கு நம்பகம்னு பேரு."

"அந்தத் தராசே கோளாறா இருந்தா, சார்?" என்று ரெங்கம்மாள் கேட்டாள். "எங்கூர்ல புளிக்கடைக்காரன் தராசு நூறு தரம் நிறுத்தாலும் ஒரே எடைதான் காட்டும். வீட்டுக்கு வந்து நிறுத்தா அரைக்கால் கிலோ குறையும்."

எல்லாரும் சிரித்தார்கள். சாரும் சிரித்தார். "நல்ல கேள்வி. அது ரெண்டாவது பாடம். அளக்க நெனச்சதைத்தான் அளக்கிறோமான்னு பாக்கிறது. நாளைக்குச் சொல்றேன்."

மறுநாள் அச்சகத்திலிருந்து படிவங்கள் வந்து இறங்கின. எண்ணி அடுக்கி ஊர்வாரியாகக் கட்டுவதற்கே பொழுது போய்விட்டது. ரெண்டாவது பாடம் நடக்கவில்லை.

சொந்த ஊரில் யாரும் கணக்கெடுக்கக் கூடாது என்று விதி இருந்தது. சுனைக்கரட்டுக்கு முதலில் அனுப்பிய பெண்ணிடம் ஊர்க்காரர்கள் பேசவில்லை. குடும்பக் கட்டுப்பாட்டுக்கு ஆள் பிடிக்க வந்தவள் என்று நினைத்துக் கதவைச் சாத்திக்கொண்டார்கள். அதனால் அந்த ஊர் அன்னக்கொடிக்கு வந்தது.

வைகாசியில் போனாள். தங்கியது தங்கை தங்கப்பொண்ணு வீட்டில். தங்கை அதே ஊரில் சின்னக்கருப்பனுக்கு வாழ்க்கைப்பட்டிருந்தாள். இரண்டு பையன்கள். இப்போது வயிற்றில் ஐந்து மாதம். போய் இறங்கிய அன்றே சின்னக்கருப்பன் வந்து சொன்னான்.

"மதினி, உசிலம்பட்டி ஆஸ்பத்திரில புள்ளத்தாச்சிக்கு ஊசி போடுறாகளாம்ல. வார வாரம் தேதி இருக்காம். வண்டி கட்டிக் கூட்டிப் போயிரலாம்னு பாக்குறேன். அம்மாதான் கத்துது."

"ஊசி போட்டுத்தான் உன்னப் பெத்தேனாக்கும்" என்றாள் அவன் அம்மா, உள்ளே இருந்தபடி.

அன்னக்கொடி யோசித்தாள். வண்டிப்பாதை முழுக்கக் கல்லும் பள்ளமும். ஐந்து மாத வயிறு. "இருங்க மாப்ள" என்றாள். "இந்தக் கணக்கு எடுக்கறதே அதுக்குத்தான். நம்ம ஊரு கட்டாயம் பட்டியல்ல வந்துரும். ஆடிக்குள்ள நர்ஸம்மா இங்கயே வந்து உக்காந்துருவாக. ஊசியும் இங்கயே. இவளப் போட்டு வண்டியில ஆட்டி அலச்சு என்னத்துக்கு?"

அவன் சரி என்றான். படித்த மதினி சொன்னால் அவனுக்கு வேத வாக்கு. ஊர் பட்டியலில் வரும் என்பதில் அன்னக்கொடிக்குக் கொஞ்சமும் சந்தேகம் இல்லை. எத்தனை குழிகள் கரட்டடியில் இருக்கின்றன என்று அவளுக்குத் தெரியும்.

மறுநாள் காலையில் படிவக்கட்டோடு கிளம்பினாள். முதல் வீட்டில் "மூணு பிள்ளை, சாவு இல்ல." இரண்டாவது வீட்டில் "ரெண்டு பிள்ளை, சாவு இல்ல." தவசி வீட்டில் "நாலு. எல்லாம் கல்லு மாதிரி இருக்கு, கண்ணு வைக்காம எழுதிக்கத்தா." ஐந்தாவது வீடு ஒச்சாயி வீடு. வாசலில் உட்கார்ந்து கடலை உரித்துக்கொண்டிருந்தாள். அன்னக்கொடியைவிட மூன்று வயது மூத்தவள். பள்ளிக்கூடத்துக்குப் போகும் வழியில் பனங்கிழங்கு பிடுங்கித் தந்தவள்.

"ஒங்களுக்குப் பொறந்த குழந்தைக எத்தனைக்கா?"

"ரெண்டுன்னு ஒனக்குத் தெரியாதாக்கும். ஒம்மடியில மோண்டதுகதானே."

"இல்லக்கா. போன வருசத்துக்கு முந்தின ஆடியில ஒன்னு."

ஒச்சாயியின் கை கடலையில் நின்றது. பிறகு மறுபடி உரித்தது. "அது தொட்டி ஏறலையே. எட்டாம் நாளுல்ல போச்சு."

"அதுக்கும் ரெண்டு வருசம் முன்னாடி, மாசியில ஒன்னு."

"அதுவும் தொட்டி ஏறல. தொட்டி ஏறாததெல்லாம் பிள்ளைன்னு எண்ணுனா, இருக்கறதுக்கு ஆகுமா? நீ என்னத்தா, படிச்சவ இப்பிடிக் கேக்குற? ஒன்னக் கேட்டா நீ எத்தனன்னு சொல்லுவ?"

"ஒன்னு" என்றாள் அன்னக்கொடி.

வாயில் வந்த வேகத்தைக் கண்டு அவளே அப்படியே நின்றாள்.

அந்த ஊரில் பிள்ளை பிறந்து முப்பதாம் நாள்தான் தொட்டில் போடுவார்கள். அன்றைக்குத்தான் பெயர். அதற்கு முன்னால் போனால் பெயர் இல்லை, அழுகை இல்லை, சடங்கு இல்லை. பழைய துணியில் சுற்றிக் கரட்டடியில் வைத்துவிட்டு வந்து வீட்டைக் கழுவிவிடுவார்கள். அதைப் பிள்ளையென்று எண்ணுவது, இருக்கிற பிள்ளைக்கு ஆகாது. அன்னக்கொடிக்கு முதல் பிள்ளை ஏழாம் நாள் போனது. பெண். இரண்டாவது ஒன்பதாம் நாள். ஆண். தாடை இறுகி, பால் குடிக்காமல், வில்லாக வளைந்து போயின. அவனியாபுரத்திலிருந்து பிரசவத்துக்குத் தாய்வீட்டுக்கு வந்த இடத்தில் நடந்தது. மூன்றாவதை வீரணன் மதுரைப் பெரிய ஆஸ்பத்திரியில் பெறவைத்தான். அதுதான் பிச்சை. இத்தனையும் அவளுக்குத் தெரியும். தெரிந்துதான் இரண்டு தடவையும் ஒன்று என்றாள். அதில் பொய் சொல்லும் எண்ணமே இல்லை. அப்படித்தான் எண்ணப் பழகியிருந்தாள்.

அன்றைக்கு இருபது வீடு முடித்தாள். எல்லா வீட்டிலும் சேர்த்து எழுதிய சாவு ஒன்று. அதுவும் நடக்கத் தெரிந்த பிள்ளை, கிணற்றில் விழுந்தது.

தங்கை வீட்டுக்குத் திரும்பியபோது, சின்னக்கருப்பனின் அம்மா முறத்தில் சுக்கு, மிளகு, திப்பிலி எல்லாம் பரப்பி வெயிலில் காயவைத்துக்கொண்டிருந்தாள். பிரசவம் ஆனவளுக்குக் கொடுக்கிற காய மருந்துக்கு. இடித்துச் சலித்து, பூண்டும் கருப்பட்டியும் நல்லெண்ணெயும் விட்டுக் கிண்டி, உருண்டை பிடித்து நாற்பது நாள் தின்னக் கொடுப்பார்கள்.

"இப்பமே என்னத்துக்குத்த? இன்னும் நாலு மாசம் கெடக்கே" என்றாள் அன்னக்கொடி.

"மழ விழுந்தா காயாது. எனக்கா சொல்லித் தாரே? ஏழு காயம் தின்னவ நானு."

அன்னக்கொடி முறத்தின் பக்கத்தில் உட்கார்ந்தாள். "ஏழா?"

"ஏழு. ஏழாவதுக்குத் திப்பிலி கெடைக்காம எம்மாமியா எழுமலைச் சந்தைக்கே போய்ட்டு வந்துச்சு."

அந்த அம்மாளுக்குப் பிள்ளைகள் மூன்று. காலையில்தான் அன்னக்கொடி அதைப் படிவத்தில் எழுதியிருந்தாள். பிறந்தவை மூன்று, இறந்தவை இல்லை.

மறுநாள் அன்னக்கொடி முதல் வீட்டிலிருந்து மறுபடி ஆரம்பித்தாள். ஏழாவது கேள்வியை விட்டுவிட்டு, "எத்தன காயம் தின்னீக?" என்று கேட்டாள். ஒருத்திகூட முகத்தைச் சுளிக்கவில்லை. காயத்தை எண்ணுவதில் யாருக்கும் கண்ணேறு இல்லை. சொல்லப்போனால் பெருமைதான்.

"ஆறு. ஆறாவது கருப்பட்டி இல்லாம வெல்லத்துல கிண்டுனது. வாயில வைக்க வெளங்கல."

"எனக்கு அஞ்சு. எங்க அம்மா கை. அவ கிண்டுனா தெருவே மணக்கும்."

"இவளுக்கு அஞ்சாம், கேட்டுக்க. அஞ்சையும் ஒரே வருசத்துல தின்ன மாதிரில்ல இருக்கா ஒடம்பு."

ஒவ்வொரு காயமும் எந்த மாதம், எந்த வருஷம் என்று கேட்டாள். ஆய்வுக்கு வேண்டிய ஐந்து வருஷத்துக்குள் வந்ததை மட்டும் தனியாகக் குறித்தாள். கரு கலைந்தால் காயம் உண்டா என்று கேட்டாள். கிடையாது, எள்ளும் கருப்பட்டியும்தான். அழாமல் பிறந்தால்? உண்டு. ஆகையால் அதை ஒவ்வொருத்தியிடமும் மெதுவாகக் கேட்டு, "அழுதுச்சா?" என்று உறுதிப்படுத்திக்கொண்டு, அழாததைக் கழித்தாள். ஒச்சாயி வீட்டுக்கு வந்தபோது ஒச்சாயி அவளைப் பார்த்து, "நாலு" என்று தானே சொல்லிவிட்டு உள்ளே எழுந்து போனாள்.

அறுபத்து மூன்று வீடு. அச்சிட்ட கேள்விப்படி கேட்டிருந்தால் ஐந்து வருஷத்தில் எழுபத்தொரு பிறப்பு, நான்கு சாவு. காயத்தை எண்ணியதில் எண்பத்தாறு பிறப்பு, பத்தொன்பது சாவு. அந்தப் பத்தொன்பதைத்தான் அன்னக்கொடி படிவத்தில் எழுதினாள். ஏழாவது, எட்டாவது கட்டங்களில், யாரும் பார்த்தால் வித்தியாசம் தெரியாதபடி. அதுதான் அவள் செய்த தவறு. தனித்தாளில் எழுதி, இப்படிக் கேட்டேன், இப்படி வந்தது என்று இணைத்திருக்கலாம். அவசரத்தில் அது தோன்றவில்லை. ஊர் பட்டியலில் வந்தால் போதும் என்றுதான் இருந்தது.

ஆனியில் சரிபார்ப்பு. பத்துக்கு ஒரு வீடு, வேறு ஆள் போய் அதே கேள்வியைக் கேட்டு வருவாள். சுனைக்கரட்டுக்குப் போனவள் ரெங்கம்மாள். அன்னக்கொடி ஊருக்குள் தங்கிப் பேசிவிட்டுப் போன பிறகு, புதிதாக வந்தவளுக்கும் கதவு திறந்தது. ஆறு வீட்டில் கேட்டாள். நான்கு வீட்டில் பதில் அன்னக்கொடி எழுதியதோடு ஒத்துப்போகவில்லை.

சின்னச்சாமி சார் அன்னக்கொடியைக் கூப்பிட்டார். மேசையில் இரண்டு கட்டுப் படிவம். ரெங்கம்மாள் சுவரோரம் நின்றுகொண்டிருந்தாள்.

"மத்த இருபத்து மூணு ஊரும் நூத்துக்குத் தொண்ணூத்தஞ்சுக்குக் கீழே இறங்கல. உங்க ஊர் மட்டும் நூத்துக்கு முப்பத்து மூணு. என்னம்மா இது? கதை எழுதினீங்களா?"

அன்னக்கொடி சொன்னாள். தொட்டில், முப்பதாம் நாள், காயம், எல்லாவற்றையும் சொன்னாள். அவர் குறுக்கிடாமல் கேட்டார். கேட்டு முடித்துக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"நீங்க சொல்றது உண்மையாவே இருக்கலாம். ஆனா யோசிச்சுப் பாருங்க. இருபத்து மூணு ஊர்ல ஒரு கேள்வி, உங்க ஊர்ல மட்டும் வேற கேள்வி. இப்ப உங்க ஊர்தான் முதல்ல நிக்கும். மத்த ஊர்லயும் காயத்தைக் கேட்டா அங்க எத்தனை வருமோ, யாருக்குத் தெரியும்? உங்க ஊருக்கு நர்ஸைக் கொடுத்தா, அது வேற ஏதோ ஒரு ஊர்க்காரிகிட்ட இருந்து பிடுங்கினதா இருக்கும். ஆளுக்கொரு முழத்தால அளந்தா துணி எம்புட்டுன்னு எப்படிச் சொல்றது?"

அவர் சொன்னதில் ஞாயம் இருந்தது. அது அன்னக்கொடிக்குத் தெரிந்ததுதான் கொடுமை.

"எல்லாரும் ஒரே முழத்தாலதான் அளந்திருக்காங்க சார்" என்றாள். "அந்த முழமே கட்டையா இருக்கு. திரும்ப எல்லா ஊர்லயும் கேக்கலாமே."

"பணமும் இல்ல, நாளும் இல்ல. ஆடிக்குள்ள அறிக்கை போகணும்."

"சார், உங்க அம்மா எத்தனை காயம் தின்னாங்க?"

ரெங்கம்மாள் தலை குனிந்துகொண்டாள். சார் கோபப்படவில்லை.

"நாங்க கூடப்பொறந்தவங்க அஞ்சு பேர்" என்றார்.

"நான் அதைக் கேக்கல சார்."

அவர் படிவக்கட்டை நூலால் கட்டி, மேலே 'தள்ளுபடி' என்று எழுதினார்.

சுனைக்கரட்டை ரெங்கம்மாளே இரண்டு நாளில் மறுபடி எடுத்து முடித்தாள். எழுபத்தொரு பிறப்பு, நான்கு சாவு. திரும்பி வந்து, கூட்டல் போடும் மேசையில் அன்னக்கொடியின் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"அன்னம், எம்மேல கோவமா?"

"ஒம்மேல என்னத்துக்கு?"

"கேட்டதத்தான் எழுதுனேன். ஒரு பொம்பள பதில் சொல்லிட்டு, 'இதுக்கு முன்னாடி வந்த பிள்ள காயம் கேட்டாளே, நீ கேக்கலையா'ன்னா. எனக்கு என்ன பண்றதுன்னு தெரியல."

"யாரு?"

"ஒச்சாயின்னு."

அன்னக்கொடி கூட்டலைத் தொடர்ந்தாள். பட்டியல் வரட்டும், பார்க்கலாம் என்று அப்போதும் ஒரு மூலையில் நினைத்துக்கொண்டிருந்தாள். அந்த நினைப்பில் ஆனியும் ஆடியும் போயின. ஆடிக் கடைசியில் பட்டியல் வந்தது. சுனைக்கரடு பத்தொன்பதாவது.

அன்றைக்கே வீரணனிடம் சொன்னாள். அவன் சாப்பிட்டுக்கொண்டிருந்தான்.

"போயி தங்கப்பொண்ண இங்க கூட்டி வந்துரு. பெரிய ஆஸ்பத்திரில பாத்துக்குவோம்."

"விட மாட்டாக. மூணாவது பேறு புருசன் வீட்லதான்னு சொல்லுவாக."

"அப்ப ஊசியாச்சும் போட்டு வுடு. நீதான வேண்டாம்னு நிறுத்துனவ."

அவன் குத்திக் காட்டுகிறவன் இல்லை. உள்ளதைச் சொன்னான்.

ஆவணியில் இரண்டு தடவை போனாள். முதல் தடவை மாமியார் சம்மதிக்கவில்லை. "ஆடியில நர்ஸு வருவாகன்னியே, எங்க? சர்க்கார் கணக்குல எங்க ஊரு சொகமா இருக்குன்னு போட்டாகளாம்ல. பெறகு ஊசி என்னத்துக்கு?" என்றாள். இரண்டாவது தடவை அன்னக்கொடி பேச்சு வார்த்தை வைத்துக்கொள்ளவில்லை. சின்னக்கருப்பனை வண்டி பூட்டச் சொல்லி, தங்கையை வைக்கோல் மேல் உட்காரவைத்து, எழுமலைக்கு வந்து பஸ் ஏறி உசிலம்பட்டிக்குப் போனாள். எட்டு மாத வயிறு. ஐந்தாம் மாதத்தில் ஆட்டக் கூடாது என்று நினைத்த பாதையில் எட்டாம் மாதத்தில் ஆட்டிக்கொண்டு போனாள்.

ஊசி போட்ட நர்ஸ் அட்டையைப் பார்த்துவிட்டு, "இவ்வளவு நாள் என்னம்மா பண்ணீங்க?" என்றாள். "ஒரு ஊசி பத்தாது. ஒரு மாசம் கழிச்சு இன்னொன்னு. அதுக்கப்புறம் ரெண்டு வாரமாவது போனாத்தான் பிள்ளைக்குப் பிடிக்கும்."

ஒரு மாதமும் இரண்டு வாரமும் எங்கே இருக்கிறது என்று அன்னக்கொடி விரலை மடக்கிப் பார்த்தாள். இல்லை. அப்படியானால் தொப்புள்கொடியைச் சுத்தமாக அறுப்பதுதான் வழி. புது பிளேடு இரண்டு, டெட்டால் ஒரு சிறு பாட்டில், வெந்நீரில் அவித்த வெள்ளைத்துணி, அவித்த நூல், எல்லாவற்றையும் ஒரு பிளாஸ்டிக் பையில் கட்டித் தங்கையிடம் கொடுத்தாள். பிரசவம் பார்க்கிற சுருளியம்மாளிடமும் நேரே போய்ச் சொன்னாள்.

"பன்னருவா வேண்டாம்மா. இந்த பிளேடுதான். கையை சோப்புப் போட்டுக் கழுவிக்கங்க. கொடியில ஒன்னையும் பூச வேண்டாம். சும்மா விட்டாலே காஞ்சு விழுந்துரும்."

"சரித்தா" என்றாள் சுருளியம்மாள். "நான் என்ன கொல்லவா போறேன்?"

ஊசி போட்ட இருபத்து நான்காம் நாள், புரட்டாசியில், தங்கப்பொண்ணு பெண்பிள்ளை பெற்றாள். சுருளியம்மாள் கையைக் கழுவினாள். புது பிளேடால் அறுத்தாள். அவித்த நூலால் கட்டினாள். சொன்ன சொல் காப்பாற்றினாள். பிறகு, கொடி ஈரமாக இருக்கிறதே என்று, நாற்பது வருஷம் செய்த பழக்கத்தில், அடுப்படியிலிருந்த சாணிச் சாம்பலை எடுத்து ஒரு சிட்டிகை தூவினாள். பூசக் கூடாது என்றுதான் அன்னக்கொடி சொல்லியிருந்தாள். சுருளியம்மாளுக்குத் தூவுவது பூசுவதில் சேராது.

எட்டாம் நாள் காலையில் பிள்ளையைப் பார்க்க அன்னக்கொடி வந்தாள். தங்கப்பொண்ணு மாரைத் திறந்தபடி உட்கார்ந்திருந்தாள்.

"அக்கா, நேத்துல இருந்து வாயத் தொறக்க மாட்டேங்குது. பால் எடுக்கல."

அன்னக்கொடி பிள்ளையை வாங்கினாள். கன்னத்தில் விரலை வைத்தாள். தாடை மரக்கட்டையாக இருந்தது. கதவு படீரென்று காற்றில் அடித்தது. அந்தச் சத்தத்துக்குப் பிள்ளையின் முதுகு வளைந்து, கை இரண்டும் மூடிக்கொண்டன. தொப்புளைத் திறந்து பார்த்தாள். சாம்பல் ஒட்டியிருந்தது.

எழுமலை பஸ்ஸில் ஏறினார்கள். உசிலம்பட்டியில் பார்த்த டாக்டர் மதுரைக்கு எழுதிக் கொடுத்தார். செக்கானூரணி தாண்டும்போது பிள்ளையின் உடம்பு தளர்ந்தது. தங்கப்பொண்ணு, "அக்கா, விட்டுருச்சு, கை விரிக்குது பாரு" என்றாள். அன்னக்கொடி மூக்கருகே விரலை வைத்தாள், மூச்சு இல்லை. கண்டக்டருக்குத் தெரிந்தால் நடுவழியில் இறக்கிவிடுவான். பிள்ளையை மாரோடு சேர்த்து, முந்தானையைப் போர்த்திக்கொண்டாள். அடுத்த நிறுத்தத்தில் இறங்கி, எதிர்ப்பக்கம் நின்று திரும்புகிற பஸ்ஸுக்குக் காத்திருந்தார்கள். உச்சி வெயில். சின்னக்கருப்பன் தண்ணீர் வாங்கி வந்தான். யாரும் குடிக்கவில்லை.

கரட்டடியில் வைத்துவிட்டு வந்த பிறகு மாமியார் வாசலைக் கழுவினாள். கழுவிக்கொண்டே, "எழுதுனியேத்தா. எம்புட்டு எழுதுன" என்றாள். தங்கப்பொண்ணு சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். பால் கட்டி மார் கல்லாக இருந்தது. அன்னக்கொடி பால் வற்றுவதற்கு மல்லிகைப் பூவைக் கசக்கி வைத்துக் கட்டிவிட்டு, அடுத்த பஸ்ஸுக்குக் கிளம்பினாள். பிச்சைக்குப் பள்ளிக்கூடம் இருந்தது.

இரண்டு வருஷம் கழித்து, 1981இல், சின்னச்சாமி சார் அவனியாபுரத்துக்கு வீடு தேடி வந்தார். தலை நரைத்திருந்தது. வீரணன் நாற்காலியைத் துடைத்துப் போட்டான். உட்காராமலே சொன்னார்.

"எங்கம்மாகிட்ட கேட்டேன். ஒன்பது காயம்."

அன்னக்கொடி காபித்தூளை எடுத்தாள்.

"நர்ஸ் போன ஆறு ஊர்லயும் நாம எழுதினதைவிடச் சாவு கூடுதலாத்தான் பதிவாகுது. அவங்க முதல் நாள்ல இருந்து எழுதுறாங்க இல்லையா. அப்ப நாம எடுத்த கணக்கு எதை எடுத்ததுன்னு எனக்கே தெரியல. மறுபடி எடுக்கப் போறோம். இருபத்து நாலு ஊரும். கேள்வியை மாத்தியாச்சு. நீங்க வரணும்."

புதுப் படிவத்தை நீட்டினார். ஏழாவது கேள்வி: "இதுவரை எத்தனை முறை பேறுகாலக் காயம் உண்டீர்கள்?"

அன்னக்கொடி அதைப் படித்தாள். ஒரு எழுத்துப்பிழை இருந்தது, சொன்னாள். அவர் குறித்துக்கொண்டார்.

இந்தத் தடவையும் பயிற்சியில் ரெங்கம்மாள்தான் அவளைக் கேட்டாள். "எத்தன காயம்?" "மூணு." "இருக்கறது?" "ஒன்னு." ரெங்கம்மாள் எழுதிவிட்டு, தன் தாளை அவள் பக்கம் தள்ளினாள். "என்னையும் கேளு. நாலு. ரெண்டு." போன தடவை அவளும் ரெண்டு என்றுதான் சொல்லியிருந்தாள்.

சுனைக்கரட்டில் தங்கப்பொண்ணு வீடு நாற்பத்தோராவது. தங்கை வாசலில் உட்கார்ந்து, பெரிய பையனுக்குத் தலை துவட்டிக்கொண்டிருந்தாள். அவனை விளையாடப் போகச் சொல்லிவிட்டு, கையை முந்தானையில் துடைத்தாள்.

அன்னக்கொடி அச்சில் இருந்ததை அப்படியே கேட்டாள்.

"முழுசாத் தின்னது ரெண்டு" என்றாள் தங்கப்பொண்ணு. "மூணாவது எட்டு நாள்தான் தின்னேன். மிச்சத்த அத்த மாட்டுக்கு வச்சிருச்சு. அது கணக்குல வருமா?"

"வரும்."

"அப்ப மூணு."

"இருக்கறது?"

"ரெண்டு."

அன்னக்கொடி எழுதினாள். எழுதியதைத் தங்கைக்குப் படித்துக் காட்டவேண்டும் என்பது இந்தத் தடவை விதி. படித்துக் காட்டினாள். தங்கப்பொண்ணு கேட்டுவிட்டு, சரி என்று தலையசைத்தாள்.

அந்த வருஷக் கணக்கில் சுனைக்கரடு இரண்டாவதாக வந்தது. அடுத்த தை மாதம் நர்ஸ் ஒருத்தி பெட்டியோடு வந்து இறங்கி, பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் ஓட்டு வீட்டில் குடியிருந்தாள். சுருளியம்மாள் அவளுக்கு வெந்நீர் வைத்துக் கொடுக்கப் போனாள். தங்கப்பொண்ணு அதற்குப் பிறகு பிள்ளை பெறவில்லை.